மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

செருப்பைக் கழற்று என்று முதலில் சொன்னது மிஷின் இல்லை. மிஷின் சிவப்பு விளக்கைக் காட்டியது, அவ்வளவுதான். சொன்னது எங்கள் பொறுப்பாளர் தங்கமாரியப்பன். சொல்லிச் சொல்லித் தொண்டை வலிக்கிறது என்று அவர் மேலிடத்துக்குச் சொன்ன பிறகுதான் மிஷினுக்கு ஒரு பெண் குரலைப் பொருத்தினார்கள். ரொம்ப மரியாதையான குரல்.

இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். என்னை விசாரித்தவர்கள் எல்லோரும் மிஷின், மிஷின் என்றே பேசினார்கள். ஏதோ அது தானாக நடந்து செவலூருக்கு வந்து நின்றுகொண்ட மாதிரி.

என் பெயர் எஸ்தர். செவலூர்க் குளிர்க்கூடத்தில் நர்ஸாக இருந்தேன். கோடையில் மதியச் சங்கு ஊதினால் வெளியே யாரும் நிற்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு, ஊருக்கு ஒரு கூடம் கட்டினார்கள். வெயில் உயிரை எடுக்கிற மாதங்களில் சங்கு ஊதியதும் ஊரே கிளம்பி இங்கே வந்துவிடும். உள்ளே குளுகுளுவென்று இருக்கும். பாய் உண்டு, குடிக்கத் தண்ணீர் உண்டு, ஒரு மூலையில் என் மேஜையும் மருந்துப் பெட்டியும் உண்டு. பொழுது இறங்கி மறுபடி சங்கு ஊதும்வரை இருந்துவிட்டுப் போகலாம்.

கதவு கார்டைத் தேய்த்தால்தான் திறக்கும். பின்னால் கறுப்புக் கோடு போட்ட பழைய மாதிரிக் காந்தக் கார்டு. முகத்தையும் கைரேகையையும் கணினிகள் அச்சு அசலாகப் போலி செய்ய ஆரம்பித்ததும், அரசாங்கம் தலையைச் சொறிந்துகொண்டு அந்தக் காலத்துக் கார்டுக்கே திரும்பிவிட்டது. ஆனால் அதைப் படிக்கிற மிஷின் வெயிலிலும் தூசியிலும் அடிக்கடி படுத்துவிட்டது. போன வருடம் ஒரு கம்பெனி வந்து எல்லாக் கூடங்களிலும் புது மிஷின் வைத்தது. கூடவே கதவுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு வளைவையும் நட்டுவைத்தது. அதன் பெயர் காப்பு வளைவு. நம்மைக் காப்பாற்ற வைத்திருக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். மிஷினை நம்மிடமிருந்து காப்பாற்ற வைத்திருந்தார்கள்.

வளைவுக்குள் நிற்கிறவர் உடம்பில் துணி உரசி எவ்வளவு மின்சாரம் ஏறியிருக்கிறது, மேலே எவ்வளவு தூசி இருக்கிறது என்று அது அளக்கும். அளவுக்குள் இருந்தால் பச்சை. மீறினால் சிவப்பு எரியும், கார்டு தேய்க்கிற பள்ளத்தின் மேல் எஃகு மூடி ஒன்று டக்கென்று விழும்.

கடைவீதிக்காரர்களுக்குப் பச்சை. பருத்திச் சட்டை, தோல் செருப்பு, வாசல்வரை கார். எனக்கும் பச்சைதான், அரசாங்கம் கொடுத்த காட்டன் சீருடையும் ஷூவும் அப்படி. மிளகாய் வத்தல் குடோனில் கூலி வேலை செய்கிறவர்களுக்குச் சிவப்பு. நைலான் புடவை, பாலியஸ்டர் சட்டை, காலில் ரப்பர் செருப்பு, காய்ந்த காற்றில் நாலு தெரு நடந்து வருவார்கள். தூசிக்காவது அவர்களே ஒரு வழி செய்துகொண்டார்கள். ஒரு துடைப்பத்தை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஒருவர் முதுகை ஒருவர் தட்டிவிட்டுக்கொள்வார்கள். மின்சாரத்தை எந்தத் துடைப்பத்தால் தட்டுவது?

இன்னொன்றும் நடந்தது. மிஷின் கார்டை எடுக்கவில்லை என்றால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? முந்தானையில் வைத்து நன்றாகத் தேய்ப்பார்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடி நீட்டுவார்கள். நைலான் புடவையில் தேய்த்தால் கார்டிலும் கையிலும் மின்சாரம் கூடுமே ஒழியக் குறையாது. சிவப்பைப் பார்த்துப் பயந்து இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். மிஷின் இன்னும் சிவக்கும்.

வெறுங்காலோடு தரையில் நின்றால் அந்த மின்சாரம் பூமிக்குள் இறங்கிவிடும் என்று கூடத்துப் பொறுப்பாளர் தங்கமாரியப்பன்தான் கண்டுபிடித்தார். உடனே வளைவுக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் செருப்பு வைக்க ஒரு தகர அலமாரி. கோட்டிலிருந்து வளைவுவரை வெட்டவெளிச் சிமெண்டுத் தரை. பகல் முழுவதும் காய்ந்த தரை.

அன்றிலிருந்து எனக்குப் பாதங்களைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. கொப்புளம், தோல் உரிந்த குதிகால், சீழ் பிடித்த விரல். களிம்பு டப்பா வந்த வாரமே தீர்ந்துவிடும். பாதத்தைப் பார்த்தால் போதும், யார் எந்தத் தெரு என்று நான் சொல்லிவிடுவேன். மிஷினுக்குள் யாரும் எந்தத் தெருவின் பெயரையும் எழுதவில்லைதான். அதுவும் சரியாகத்தான் சொன்னது.

*

கம்பெனி இன்ஜினியர் நிரஞ்சன் மாதம் ஒரு தடவை மிஷினைச் சோதிக்க வருவார். சென்னைப் பையன், முப்பது வயது இருக்கும். யாரையும் கடிந்து பேச மாட்டார். அதனாலேயே அவர் மேல் கோபப்படுவது கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் ஒரு பெண்ணின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே அவரைக் கூப்பிட்டேன்.

"சார், இங்க வாங்க. இந்தக் காலப் பாருங்க."

பார்த்தார். முகம் சுருங்கியது.

"தரை சுடும்னு யோசிக்கலையா சார் உங்க கம்பெனில?"

"சிஸ்டர், அந்த மிஷினுக்குள்ள படிக்கிற முனைன்னு ஒண்ணு இருக்கு. நகத்தளவுதான். காஞ்ச காத்துல உடம்புல சேர்ற மின்சாரம் கார்டு வழியா ஒரு பொறியா அதுல பாஞ்சா அவ்ளோதான், செத்துரும். புதுசு கப்பல்லதான் வரணும். அதுவரைக்கும் கூடமே மூடிக் கிடக்கும். அப்ப எல்லாருக்கும்தானே கஷ்டம்?"

"பக்கத்துல பூமிக்குள்ள ஒரு கம்பிய இறக்கி, கைப்பிடி மாதிரி வைங்களேன். அதைத் தொட்டா மின்சாரம் இறங்கிறாது?"

"முதல் வரைபடத்துல அது இருந்துச்சு. ஒரு கம்பிய வருஷக்கணக்கா யாரு பராமரிக்கிறதுன்னு எடுத்துட்டாங்க." கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். "செருப்பக் கழட்டறது நம்ம ஊருல பெரிய விஷயம் இல்லையேன்னு நெனச்சோம் சிஸ்டர். வீட்டுக்குள்ள போனா கழட்டறோம். கோயிலுக்குப் போனா கழட்டறோம். யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்கன்னு அந்தக் கூட்டத்துல நானேதான் சொன்னேன்."

"கோயில்லயும் வீட்லயும் எல்லாரும் கழட்டுறாங்க சார். இங்க யாரு கழட்டுறாங்கன்னு ஒரு நாள் அந்த வாசல்ல நின்னு பாருங்க."

அவர் வாசலைப் பார்த்தார். பார்த்தது மனசில் ஏறியதாகத் தெரியவில்லை. அவரை வளர்த்தவர்கள் தெரு வித்தியாசம் எதையும் சொல்லாமலே வளர்த்திருந்தார்கள்.

*

சன்னாசி அண்ணன் கழற்றவில்லை.

வத்தல் குடோனில் மூட்டை தூக்குகிறவர். அறுபதை நெருங்குகிற வயசு, பேச்சு குறைவு. வளைவு வருவதற்கு முன்னால் மற்றவர்களைப் போலத்தான் கூடத்துக்கு வந்து போனார். மஞ்சள் கோடு போட்ட அன்று கோட்டருகில் நின்று அலமாரியைப் பார்த்தார், தங்கமாரியப்பனைப் பார்த்தார், திரும்பிப் போய் எதிரில் இருக்கிற வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து தினமும் அதே இடம். அவர் சம்சாரம் பாக்கியம் மட்டும் செருப்பை விட்டுவிட்டுத் தரையில் தாவித் தாவி உள்ளே வரும். வந்து, மற்றவர்கள் படுக்கிற பக்கம் போகாமல், கண்ணாடிச் சுவரை ஒட்டி உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே இருக்கும்.

"நான் கெஞ்சிப் பாத்துட்டேன் சிஸ்டர். புள்ளைக மேல ஆணையிட்டும் பாத்துட்டேன். 'நீ போ, ஒன்னைய நான் தடுக்கல'ங்கிறாரு. அதுக்கு மேல பேச மாட்டேங்கிறாரு."

சட்டப்படி சங்கு ஊதிய பிறகு மரத்தடியில் உட்காருவது குற்றம். ஆனால் அதற்காக வெயிலில் இறங்கிப் போய் அவரைப் பிடிக்க எந்தப் போலீஸும் தயாராக இல்லை.

சித்திரை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு நிரஞ்சனும் சோதனைக்கு வந்து உள்ளேதான் இருந்தார். மரத்தடியிலிருந்து சன்னாசி அண்ணன் எழுந்து நடந்துவருவதைப் பாக்கியம்தான் முதலில் பார்த்தது. நடை சரியில்லை. கோட்டைத் தாண்டி, செருப்புக் காலோடு வளைவுக்குள் வந்து நின்றார். சிவப்பு. மூடி விழுந்தது. சட்டையில் கார்டைத் தேய்த்தார். மறுபடி சிவப்பு. "தங்கள் உடலில் மின்னூட்டம் அளவுக்கு மேல் உள்ளது. பாதணியைக் கழற்றிவிட்டு வரவும்" என்றது அந்த மரியாதையான குரல். அவருக்கு வேர்க்கவில்லை. அந்த வெயிலில் வேர்வை நின்றுவிட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அப்படியே முட்டி மடங்கி வளைவுக்குள்ளேயே சரிந்தார்.

"கதவத் தொறங்க" என்று நான் கத்தினேன்.

"கார்டு தேய்க்காம தொறக்காது சிஸ்டர், உங்களுக்குத் தெரியாதா?" என்றார் தங்கமாரியப்பன். பிறகு கண்ணாடிக்கு வெளியே, தாமதமாக வந்து பின்னால் நின்ற ஆட்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். "ஏய், யாராச்சும் அவன் செருப்பக் கழட்டுங்கப்பா. பச்சை வந்துரும்."

நினைவில்லாமல் கிடக்கிற மனுஷனின் காலிலிருந்து. அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

அவசரக் கதவின் முத்திரையை உடைத்தேன். அடுப்பைத் திறந்த மாதிரி அனல் உள்ளே அடித்தது. நானும் பாக்கியமும் தோளைப் பிடித்தோம், நிரஞ்சன் ஓடிவந்து காலைத் தூக்கினார். ஐஸ் கட்டியும் ஈரத்துணியுமாகப் போராடி உயிரைப் பிடித்து நிறுத்தினோம். பெரியாஸ்பத்திரியில் சில வாரம் கிடந்து திரும்பி வந்தார். நாக்கு கொஞ்சம் குழறியது, இடதுகால் இழுத்தது. இன்னொரு தடவை இப்படி விழுந்தால் சிறுநீரகம் தாங்காது, ஆளைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் பாக்கியத்திடம் பச்சையாகச் சொல்லியிருந்தார்.

அவர் திரும்பி வந்த வாரம்தான் விசாரணை முடிந்து, கூடத்தின் குளிரை வீணாக்கியதற்கும் முத்திரையை உடைத்ததற்கும் என்னைச் சஸ்பெண்ட் செய்தார்கள். சீருடையையும் ஷூவையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

*

மறுநாள் என் சொந்தப் புடவையில், சொந்தச் செருப்பில் கூடத்துக்குப் போனேன். நைலக்ஸ் புடவை, ரப்பர் செருப்பு. வளைவுக்குள் நின்றேன். சிவப்பு.

"பாதணியைக் கழற்றிவிட்டு வரவும்."

தங்கமாரியப்பன் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து என்னைப் பார்த்தார். நேற்றுவரை நான் அவருக்குச் சிஸ்டர். இன்றைக்கு விரலை மட்டும் காட்டினார், அலமாரிப் பக்கம். திரும்பி வேப்பமரத்தடிக்குப் போனேன்.

சன்னாசி அண்ணன் அங்கேதான் இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாவது நாளே வந்து உட்கார்ந்துவிட்டார். பாக்கியம் ஈரத் துண்டை அவர் தலையில் போட்டுவிட்டு, இந்தத் தடவை தானும் உள்ளே போகாமல் பக்கத்திலேயே இருந்தது.

"அண்ணே, டாக்டர் சொன்னது தெரியும்ல?"

"தெரியும்."

"ஒரு செருப்புக்காகவா?"

பேசுவது அவருக்குச் சிரமமாக இருந்தது. ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது.

"எங்க ஊர்ல பள்ளிக்கூடத்துக்கு மேலத்தெரு வழியாத்தான் போகணும். தெரு முக்கு வந்ததும் செருப்பக் கழட்டி கக்கத்துல இடுக்கிக்கிரணும். நாங்க மட்டும். தெரு முடிஞ்சதும் போட்டுக்கிரலாம். ஒரு நா மறந்து போட்டுட்டுப் போயிட்டேன். எங்கய்யாவக் கூப்பிட்டு, அவரு கையாலயே என்னய அடிக்கச் சொன்னாங்ய. அடிச்சாரு."

பாக்கியம் துண்டை எடுத்து மறுபடி நனைத்தது. இந்தக் கதையை அதுவும் முதல்முறை கேட்கிறது என்று அதன் முகத்தில் தெரிந்தது.

"பெறகு நாங்க வளந்து, கேஸு போட்டு, ரெண்டு பேரு செயிலுக்குப் போயி, அந்தத் தெருவுல செருப்புப் போட்டு நடந்தோம். மொத நா நடக்கையில கால் வெடவெடன்னு ஆடுச்சு. அன்னைக்கு நெனச்சேன், இனி வீட்டு வாசலும் சாமி வாசலும் தவுர எங்கயும் கழட்டப்படாதுன்னு." மூச்சு வாங்கினார். "அந்தத் தெருக்காரங்ககிட்டயாச்சும் ஏன்யான்னு கேக்கலாம். வைவான், அடிப்பான். நாமளும் திருப்பி வையலாம். இதுகிட்ட போயி நான் என்னத்தக் கேக்க? இதுக்குச் சாதியே கிடையாதுங்கிறான். என்னய மட்டும் கக்கத்துல இடுக்கச் சொல்லத் தெரியுது."

உள்ளே போகாமல் அன்று அவர்களோடேயே உட்கார்ந்துவிட்டேன். வாளித் தண்ணீரை மூன்று பேர் தலையிலும் மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டு பொழுதைத் தள்ளினோம். வைகாசியின் உச்ச வெயில் இன்னும் வரவில்லை. வந்தால் வாளித் தண்ணீருக்கு அது அடங்காது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

*

அதற்குள் விழா வந்தது.

வருடம் முழுவதும் மாவட்டத்தில் ஒரு மிஷின்கூடப் பழுதாகவில்லையாம். அதற்குப் பாராட்டு. செவலூர்க் கூடம்தான் முதல் பரிசு. வெப்பக் காப்பு வாரியத் தலைவர் நேரில் வந்து, கார்டைத் தேய்த்து, முதல் ஆளாக உள்ளே நுழைந்து பரிசு கொடுப்பதாக ஏற்பாடு. தங்கமாரியப்பன் நாலு நாளாகத் தூங்கவில்லை. பந்தல்காரரிடம் பேசி, கார் நிற்கிற இடத்திலிருந்து வளைவுவரை சிவப்புக் கம்பளம் விரித்தார். மஞ்சள் கோடு அதற்கு அடியில் போய்விட்டது. தகர அலமாரியைத் தூக்கி யார் கண்ணிலும் படாமல் பின்னால் வைத்தார்.

காலையில் வர வேண்டிய தலைவர், தலைவர்கள் வருகிற நேரத்துக்கு வந்தார். அவர் காரிலிருந்து இறங்கும்போதே மதியச் சங்கு ஊதிவிட்டது. ஊரே கயிற்றுக்குப் பின்னால் வெயிலில் நின்றது. தலைவர் உள்ளே போகாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. சன்னாசி அண்ணன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார், நான் பாக்கியத்தோடு கயிற்றோரம் நின்றிருந்தேன். ஒரு கண் அவர் மேலேயே வைத்திருந்தேன். அன்று காற்றே இல்லை, அவர் தலையில் போட்ட துண்டு போட்ட கையோடு காய்ந்தது.

நம் ஊர் விழாவில் பொன்னாடை இல்லாமல் முடியுமா? வியாபாரிகள் சங்கம் ஒன்று, அரிசி ஆலைக்காரர் ஒன்று, ஆளாளுக்கு ஒன்று என்று ஜரிகை வைத்த பளபளா பாலியஸ்டர் சால்வைகள் அவர் தோளில் ஏறின. ஒன்றைப் போர்த்தி, படம் எடுத்து, உருவி உதவியாளர் கையில் கொடுத்து, அடுத்ததைப் போர்த்தினார்கள். ஒவ்வொன்றை உருவும்போதும் பொரி பொரிகிற மாதிரி சடசடவென்று சத்தம். அவர் கை முடியெல்லாம் குத்திட்டு நின்றது. அந்தக் கோலத்தில் புது ரப்பர் அடி வைத்த செருப்போடு, நைலான் கம்பளத்தின் மேல் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து போனார். ரெண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே வளைவுக்குள் நின்றார்.

சிவப்பு. மூடி விழுந்தது.

"தங்கள் உடலில் மின்னூட்டம் அளவுக்கு மேல் உள்ளது. பாதணியைக் கழற்றிவிட்டு வரவும்."

மேளம் நின்றுவிட்டது. தங்கமாரியப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓடிவந்து தலைவர் கையிலிருந்த கார்டை வாங்கி, அதே சால்வையில் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்து, பயபக்தியோடு நீட்டினார். சிவப்பு.

"பாதணியைக் கழற்றிவிட்டு வரவும்."

"என்னய்யா இது?" என்றார் தலைவர். குரல் தாழ்வாகத்தான் இருந்தது. "என்னைச் செருப்பக் கழட்டச் சொல்லுதா?"

"அய்யா, அது வந்து, அறிவியல்படி..."

"யார்யா அந்த இன்ஜினியர்?"

நிரஞ்சன் முன்னால் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்தார். வளைவின் பக்கவாட்டில் ஒரு துளையில் செருகித் திருப்பினார். அவ்வளவுதான். சிவப்பு அணைந்தது, குரல் அடங்கியது, எஃகு மூடி எழுந்து மேலே போய் நின்றது. தலைவர் கார்டைத் தேய்த்தார். அவர் விரலுக்கும் மிஷினுக்கும் நடுவில் ஒரு நீலப் பொறி சட்டென்று வெட்டியது, கயிற்றோரம் நின்ற எனக்கே தெரிந்தது. கையை உதறிக்கொண்டார்.

பச்சை. கதவு திறந்தது. படிக்கிற முனை சாகவில்லை. ஒரு பொறி போதும், செத்துரும் என்றார்களே, அது சாகவில்லை.

தலைவர் செருப்போடு உள்ளே போய்விட்டார். நான் கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து நேரே நிரஞ்சன் முன்னால் போய் நின்றேன்.

"சார், இந்தச் சாவி புதுசா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"வளைவு வச்சப்பவே கொடுத்தது சிஸ்டர்."

"அப்ப சன்னாசி அண்ணன் இதே எடத்துல விழுந்தாரே, அன்னைக்கு?"

"பையிலதான் இருந்துச்சு."

எனக்குக் கை ஓங்கியது. பாக்கியம் பின்னால் வந்து நிற்பது தெரிந்ததால் இறக்கினேன். அடிக்க உரிமை உள்ளவள் அவள்.

"ஏன் சார்?" என்று கேட்டது பாக்கியம். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி.

நிரஞ்சன் பாக்கியத்தின் பக்கம் திரும்பினார். "பெரிய ஆளுங்க வந்தா மட்டும் போடச் சொல்லிக் கொடுத்தாங்கம்மா. அன்னைக்கு எனக்கு ஞாபகமே வரல. சத்தியமா வரல. அவரு கீழ விழுறாரு, நான் பாக்குறேன், இது பையில இருக்கு. ஆனா இது அவருக்கான சாவின்னு எனக்குத் தோணவே இல்ல."

இதைவிட, வேண்டுமென்றே மறைத்து வைத்திருந்தேன் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அப்ப மிஷின் தாங்கும்னு உங்களுக்குத் தெரியும்."

"தாங்கும். உத்தரவாதக் காலத்துல ஒண்ணுகூடப் பழுதாகக் கூடாதுன்னு அளவ ரொம்பக் கீழ வச்சிருந்தாங்க."

அப்போது கம்பளத்தின் மேல் காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம் கேட்டது. சன்னாசி அண்ணன் மரத்தடியிலிருந்து வந்துகொண்டிருந்தார். ரப்பர் செருப்பு, இடதுகால் வார் மட்டும் ஊக்கு மாட்டியது. முகம் சிவந்து, உதடு வெடித்திருந்தது. கயிற்றுக்குப் பின்னால் நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள்.

தங்கமாரியப்பன் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தார். "ஏய், செருப்பு, செருப்பு. சார், சாவிய எடுங்க, தலைவர் போயாச்சு."

நிரஞ்சனின் கை சாவியின் மேல் போனது. போய் அங்கேயே நின்றது. சன்னாசி அண்ணன் வளைவுக்குள் வந்து, அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, இப்ப இது என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல ஐயா. நீங்க தேய்ங்க."

கார்டு எடுத்தது. பச்சை. அவர் செருப்போடு உள்ளே போனார். பாக்கியம் போனது, நான் போனேன், அலமாரி எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் குடோன்காரர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் எல்லோரும் நுழைந்து முடிக்கும்போது உள்ளே மேடையில் தலைவர் அந்த மிஷினைப் பாதுகாத்ததற்காகத் தங்கமாரியப்பனுக்குக் கேடயம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சன்னாசி அண்ணன் பாய் விரித்த இடம்வரை வந்தார். அங்கே யாரோ ஒரு கைக்குழந்தையைத் தூங்க வைத்திருந்தார்கள். அவர் நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு, இழுக்கிற காலைத் தூக்கி, செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு பாயில் உட்கார்ந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

*

விழா நடந்த மறுவாரம் வாரியத்திலிருந்து ஆணை வந்தது. நான்கூட ஒரு நிமிஷம் ஆசைப்பட்டுவிட்டேன். இனிமேல் காந்தக் கார்டு மிஷின்களின் முன்னால் நடக்கும் விழாக்களில் கம்பளம் விரிக்கக் கூடாது, பொன்னாடை போர்த்தக் கூடாது. அவ்வளவுதான் அதில் இருந்தது. செருப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. பாதத்தைப் பற்றி இல்லை. என் சஸ்பெண்டைப் பற்றியும் இல்லை.

ஆணையை வாங்கிக்கொண்டு தங்கமாரியப்பன், விழா அன்று நிறுத்திய வளைவை மறுபடி ஓட்டப் போனார். ஓடவில்லை. சாவி துளைக்குள்ளேயே ஒடிந்து கிடந்தது. நிரஞ்சனை வரவழைத்தார்கள். வந்து குனிந்து பார்த்துவிட்டு, பூட்டோடு மாற்ற வேண்டும், கப்பலில்தான் வரும், ரொம்ப நாளாகும் என்றார். அதுவரை வளைவு ஓடாது, மூடி மேலேயே நிற்கும்.

"ஒடஞ்சதா சார், ஒடச்சீங்களா?" என்று கேட்டேன்.

அவர் பள்ளத்தின் பக்கம் குனிந்தார். ஒரு குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தொட்டு, கார்டு தேய்க்கிற பள்ளத்துக்குள் விட்டு மெதுவாகத் துடைத்தார். பஞ்சு சிவப்பாக வந்தது, வத்தல் தூசி. இன்னொரு பஞ்சு. அது கொஞ்சம் வெளுத்து வந்தது. வளைவுக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண இரும்புக் கம்பியைத் தரையில் அடித்து, அதற்கு, சுடாமல் இருக்க ஈரத்துணி சுற்றிய ஒரு கைப்பிடி போட்டார். கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"தினமும் காலையில யாராவது ஒருத்தர் இப்படித் துடைச்சா போதும் சிஸ்டர். வர்றவங்க இதத் தொட்டுட்டுத் தேய்க்கணும். மிஷினுக்கு ஒண்ணும் ஆகாது."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

நான் அந்தப் பஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பொட்டலம் பஞ்சு, ஒரு கம்பி, காலையில் கொஞ்ச நேரம் ஒரு ஆள். அந்த ஆளைப் போட மனசில்லாமல்தான் ஒரு வருஷமாக அந்த வேலைக்கு எங்கள் பாதங்களை வைத்திருந்தார்கள்.